அதிரும் பட்டையைத் தேயிலைத் தோட்டத்திலும் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றில் கலந்த நோய்க்கிருமிகளை அதிர்வை வைத்தே கண்டுபிடிக்கும் நுண்கருவிகள் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரை. ஆனால் 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் தூள் கடிதங்களால் ஐந்து பேர் இறந்ததில் தொடங்கி, விமான நிலையப் பாதுகாப்போடு அந்தக் கட்டுரை நின்றுவிட்டது. எங்கள் நீலகிரி மலைக்கு இந்தக் கருவி வேறொரு காரணத்துக்காகத் தேவை.

தென்னிந்தியத் தேயிலைக்கு 1946இல் வந்த கொப்புள நோய் இன்னும் போகவில்லை. மூடுபனியும் மழையும் சேர்ந்தால் பூஞ்சை வித்துகள் காற்றில் பரவி இளங்கொழுந்தில் இறங்கும். கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) முடிந்து துளிர்க்கும் செடிக்குத்தான் சேதம் அதிகம். இலையடியில் கொப்புளம் வெளுத்து நம் கண்ணில் படும்போது, அது அடுத்த வித்துகளைக் காற்றில் விடத் தொடங்கியிருக்கும். அதனால்தான் மழைக்காலத்தில் வாரம் தவறாமல் தாமிர மருந்து அடிக்கிறோம். காற்றில் வித்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே அடிக்கிறோம். மருந்துக்கும் ஆள்கூலிக்கும் போவதைப் பச்சை இலை விலை ஈடுகட்டுவதில்லை.

2004இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில், ஒரு முனை மட்டும் பொருத்திய சிலிக்கான் பட்டையை அதிரவிட்டு ஒற்றை வைரஸையே எடை போட்டார்கள். ஒரு கிராமைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடியும் கோடி பங்காக்கினால் வருகிற எடை அது. துகள் ஒட்டினால் அதிர்வு வேகம் குறையும், இந்தக் கருவிகளின் தத்துவம் அவ்வளவுதான். கொப்புள நோயின் வித்து வைரஸைவிடப் பல மடங்கு பெரியது. எடை போடுவது கஷ்டமாக இருக்காது.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பட்டைக்கு எடை தெரியும், ஒட்டியது எது என்று தெரியாது. குறிப்பிட்ட கிருமியை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளை அதன்மேல் பூச வேண்டும். அப்புறம் ஈரம். கோத்தகிரிப் பனியில் நீராவி படிந்தாலே எடை கூடிவிடும். பூச்சு இல்லாத இன்னொரு பட்டையைப் பக்கத்தில் வைத்து ஈரத்தின் எடையைக் கழிக்கலாம் என்கிறார்கள். சரி, அதை இங்கே வந்து செய்து காட்டட்டும். உலர்ந்த ஆய்வகத்தில் தேறியது எங்களுக்குப் போதாது.

குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசி இருக்கிறது, தேயிலை வாரிய அலுவலகம் இருக்கிறது. கருவி செய்யும் ஆய்வாளர்களை அவர்கள் அழைக்க வேண்டும். ஒரு தென்மேற்குப் பருவம் முழுக்கச் சிறு விவசாயிகளின் காட்டில் கருவியை வையுங்கள். பக்கத்திலேயே, வித்துகளைக் கண்ணாடிச் சில்லில் பிடித்து நுண்ணோக்கியில் எண்ணும் பழைய முறையும் நடக்கட்டும். இரண்டு கணக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை உங்கள் பத்திரிகையில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்