கோடையில் திருப்பி விடும் ட்ரவுட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்து ஏரிகளில் ட்ரவுட் மீன் பிடிப்பதைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிப் பூச்சிபோலக் கட்டும் கைவேலையை அதில் அழகாக விளக்கியிருந்தார்கள். ஆனால், பிடித்த மீனையெல்லாம் உயிருடன் ஏரியிலேயே விட்டுவிடுவதால் இதில் எந்த உயிருக்கும் தீங்கில்லை என்று எழுதியிருந்ததை, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைப் பொறுத்தவரை என்னால் ஏற்க முடியவில்லை.

சோமர்செட்டில் உள்ள செவ் வேலி, பிளாக்டன் ஏரிகளில் பல ஆண்டுகளாகத் தூண்டில் வீசிவருபவன் நான். ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். 10 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 20 டிகிரியில் 9 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. அந்தச் சூட்டில் மீனின் உடலுக்கோ முன்னைவிட அதிகமாக ஆக்சிஜன் தேவைப்படுகிறது. அதனால்தான் வெயில் ஏறியதும் அது மேல்நீரை விட்டு ஆழத்துக்கு இறங்குகிறது. அது விரும்பி உண்ணும் கடுகளவு நீர்த்தெள்ளுகளும் வெளிச்சத்துக்கு ஒதுங்கிக் கீழேதான் கிடக்கின்றன. நாமோ மூழ்கும் நூலை வீசி, முப்பது எண்ணும்வரை காத்திருந்து, எந்தச் சூட்டுக்குத் தப்பி அது இறங்கியதோ அந்தச் சூட்டுக்குள்ளேயே அதை இழுத்துவந்து, களைக்கும்வரை போராடவைத்து, பிறகு படம் எடுப்பதற்காகத் தூக்கிப் பிடிக்கிறோம். களைக்கும்வரை விரட்டப்பட்ட ரெயின்போ ட்ரவுட்களை ஒரு நிமிடம் காற்றில் வைத்தபோது, அவற்றில் 72 விழுக்காடு 12 மணி நேரத்துக்குள் இறந்துபோனதாக 1992-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

நானே ஒரு ஜூலை நண்பகலில் இதைக் கண்டேன். இரண்டு பவுண்டு எடையுள்ள மீன் அது. முள்ளைக் கழற்றி, இரு கைகளாலும் ஏந்தி நீருக்குள் பிடித்திருந்தேன். செவுள்கள் மெல்லத் திறந்து மூடின. வாலை ஒருமுறை அடித்துவிட்டுக் கீழே போனது. பிழைத்துவிட்டது என்று மனம் நிறைந்திருந்தேன். கால் மணி நேரத்தில் வெள்ளை வயிறு மேலே தெரியப் படகருகே மிதந்து வந்தது. வாயோரத்தில் என் முள் கிழித்த தடம் இருந்தது; விலாவின் இளஞ்சிவப்புப் பட்டை அதற்குள் மங்கிப்போயிருந்தது.

கோடையில் மீன் பிடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீர்த்தெள்ளும் மீனும் மேலே ஏறிவரும் மாலைப்பொழுதுகளிலும், மேகம் கவிந்து காற்று வீசும் நாட்களிலும் ஏரி தரும் இன்பத்துக்கு ஈடில்லை. ஆனால் வெப்பமானியை நூலில் கட்டி இறக்கிப் பார்த்து, மேல்நீர் 20 டிகிரியை எட்டியிருந்தால், சமையலுக்கு வேண்டிய மீனை அனுமதிச் சீட்டில் உள்ள அளவுக்குள் பிடித்து, உடனே கொன்று, அத்துடன் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். எண்ணிக்கைக்காகப் பிடித்துப் பிடித்து விடுவதைக் கருணை என்று எழுதக் கூடாது.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துச் செல்லும் வாசகர்கள் பலர் இருப்பார்கள் என்பதால், விடுமுறை தொடங்கும் முன் இக்கடிதத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிரிஸ்டல்