நம் கல்யாணங்களும் ஒரு காலத்தில் செல்லாமல் போயின

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளின் கல்யாணம் தள்ளிப்போவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படிப்பு, வேலை, வெளிநாட்டு ஆசை, ஜாதகம் என்று எல்லாக் காரணமும் அதில் இருந்தது. ஒரு பையனுக்குப் பெண்கள்மீது நாட்டமே இல்லாமல் இருக்கலாம், ஒரு பெண் இன்னொரு பெண்ணோடு வாழ விரும்பலாம் என்பது மட்டும் ஒரு வரியாகக்கூட வரவில்லை. கட்டுரையாளர் யாரையும் திட்டவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருப்பார்கள் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இந்த நினைப்பு எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது பாருங்கள். ஐந்து வயதுப் பையன் பக்கத்து வீட்டுப் பெண்குழந்தையோடு விளையாடினால், "மருமகளைப் பிடித்துவிட்டான்" என்று சிரிக்கிறோம். அவனே வளர்ந்து ஒரு நலங்குக்கு வந்தால், மஞ்சள் பூசிய கையோடு பெரியம்மாக்கள் எல்லாரும் "அடுத்தது உனக்குத்தானே, பொண்ணு பார்த்தாச்சா?" என்று சூழ்ந்துகொள்கிறார்கள். எதிர்பாலீர்ப்பு உள்ள பிள்ளை தன்னைப் பற்றி யாருக்கும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. மற்றப் பிள்ளைதான் வருஷக்கணக்கில் பயந்து, நேரம் பார்த்து, அம்மா அப்பாவை உட்காரவைத்து, குற்றம் செய்தவர் மாதிரிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமலே வாழ்ந்து மறைந்தவர்களும் நம் தெருக்களில் இருந்திருக்கிறார்கள். அவர்களை "கடைசிவரை தனியாகவே இருந்துவிட்டார், பாவம்" என்று பேசினோம்.

என் தங்கை மகளும் அவளுடைய துணைவியும் சட்டப்படி பதிவு செய்துகொண்டு வாழ்கிறார்கள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆடி மாதம் கூழ் ஊற்றும் பிரேயருக்கு இருவரும் என்னோடு கோயிலுக்கு வந்தார்கள். அர்ச்சனைக்கு அவள் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்ட ஐயர், "வீட்டுக்காரர் பெயர்?" என்றார். அவள் தன் துணைவியின் பெயரைச் சொன்னாள். ஐயர் அதைத் தனி அர்ச்சனையாக வைத்துக்கொண்டு, "சீக்கிரம் ரெண்டு பேருக்கும் நல்ல மாப்பிள்ளை அமையட்டும்" என்று வாழ்த்தி விபூதி கொடுத்தார். மனதார வாழ்த்தினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அம்மன் முன்னால் அந்த இருவரும் ஒரு குடும்பமாக நிற்க முடியவில்லை. உறவினர் வீடுகளிலும் இன்றுவரை அந்தப் பெண் "ஃப்ரெண்ட்"தான்.

இதே நாட்டில் நம்மையும் ஒரு காலத்தில் இப்படித்தான் நடத்தினார்கள். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். இந்தியாவிலிருந்து கணவரோடு வாழ வந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கு அது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாளரிடம் பதிவாகாத கல்யாணம் இங்கே செல்லாது என்று ஆகிவிட்டது. அக்கினி சாட்சியாகத் தாலி கட்டிய நம் பாட்டிமார்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவிகள் இல்லை. பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குறியானது. அந்த நீதிபதிக்கும் தமிழர்மேல் தனிப்பட்ட பகை ஏதாவது இருந்திருக்க வேண்டும் என்றில்லை. கல்யாணம் என்றால் தேவாலயத்தில் நடப்பதுதான் என்று அந்தச் சட்டத்துக்குப் பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அதற்கு எதிராகப் பெண்களே கிளம்பினார்கள். காந்தி அமைத்த டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து பதினோரு பேர், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, மாகாண எல்லை கடந்து நேட்டாலில் உள்ள நியூகாசிலுக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். வேலைநிறுத்தம் பரவியது. அந்தப் பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. அவர்களைத் தொடர்ந்து சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். கூலி ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கிய இந்தியர்மேல் போட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்தும் இந்தத் தீர்ப்பை எதிர்த்தும் நடந்த போராட்டம் அது. கல்யாணமே ஆகாத ஒரு பெண், மற்றவர்களின் கல்யாணம் செல்ல வேண்டும் என்பதற்காகவும் உயிரைக் கொடுத்தார். அந்த ஆண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் நம் கல்யாணங்களை ஏற்றது. அப்போதும் பதிவு செய்யாதவர்களுக்கு முழுப் பாதுகாப்பு வந்துவிடவில்லை. இந்து முறைப்படி மட்டும் கல்யாணம் செய்திருந்த ஒரு விதவை, கணவரின் சொத்தில் உரிமை கேட்டு டர்பன் உயர் நீதிமன்றம்வரை போய் வென்ற தீர்ப்பு 2009ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில்தான் வெளியானது.

இந்த வரலாற்றை ஒவ்வொரு ஆண்டும் மேடை போட்டுப் பேசுகிற நாம், இன்னொருவரின் துணையை "ஃப்ரெண்ட்" என்று தள்ளிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டம் எப்போதோ மாறிவிட்டது. பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிய முதல் நாடு நம்முடையது. 1998இல் அரசியல் சாசன நீதிமன்றம் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டங்களை நீக்கியது. 2005 டிசம்பர் 1 அன்று, திருமண உரிமை கேட்டு இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில், அவர்களுக்குச் சாதகமாக அதே நீதிமன்றத்தின் நீதிபதி ஆல்பி சாக்ஸ் தீர்ப்பு எழுதினார். விடுதலைப் போராட்டத்தில் குண்டுவெடிப்பில் ஒரு கையை இழந்தவர் அவர். நாடாளுமன்றத்துக்கு ஒரு வருஷம் கெடு கொடுத்தார்கள். 2006 நவம்பர் 30 அன்று அந்தத் திருமணங்களை ஏற்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆப்பிரிக்காவிலேயே முதல் நாடு. மனசாட்சியைக் காரணம் காட்டி இப்படிப்பட்ட திருமணங்களைப் பதிவு செய்ய அரசு அலுவலர்கள் மறுக்கலாம் என்று அதில் இருந்த பிரிவையும் 2020இல் எடுத்துவிட்டார்கள். வீட்டுக் கூடத்தில்தான் ஒன்றும் மாறவில்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரப் பழக்கம்" என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் இதைக் குற்றமாக எழுதிவைத்த 377ஆம் பிரிவு, ஆங்கிலேயர் 1860 அக்டோபரில் நிறைவேற்றிய தண்டனைச் சட்டத்தில் வந்தது. அதே அக்டோபரில்தான் நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் மெட்ராஸை விட்டுக் கிளம்பியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் அந்தப் பிரிவின் பிடியிலிருந்து இவர்களை விடுவித்தது. அங்கே கல்யாண உரிமை இன்னும் கிடைக்கவில்லை, இங்கே இருக்கிறது. இருக்கிற உரிமையை வைத்துக்கொண்டு சொந்த அக்காள் வீட்டு விருந்துக்கு ஜோடியாகப் போக முடியாவிட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தத் திருமணங்களை நடத்திவைக்கச் சட்டம் எந்த மத அமைப்பையும் கட்டாயப்படுத்தவில்லை. விருப்பமுள்ள அமைப்பு அமைச்சருக்கு எழுதி அனுமதி பெறலாம். அது வாதம் நிறைந்த விஷயம், நாள் பிடிக்கும். அர்ச்சனைச் சீட்டில் "குடும்பத்தார் பெயர்" என்று கேட்டுவிட்டுச் சொன்ன பெயர்களை அப்படியே எழுதுவதற்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த இதழில் வரும் என்று போட்டிருந்தீர்கள். அதிலாவது இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களிடமும் கட்டுரையாளர் பேசட்டும். பெயர் வெளியிடாமல் பேச என் தங்கை சம்மதித்திருக்கிறாள். அவளுடைய தொலைபேசி எண்ணைத் தனியாக அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்