விகனில் விடிந்த பாட்டுகள்

அன்பு மகள் மலருக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, மாடியில் துணி எடுக்கச் சொன்னால் மட்டும் திரும்பி வரும்.

நேற்று போனில் "ம்", "சரிம்மா" என்பதோடு முடித்துவிட்டாய். மூன்றாவது இன்டர்வியூவும் கைநழுவிப் போனதை அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மான்செஸ்டரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்கிறாய். அந்த இருட்டில் சோகப் பாட்டாகத் தேடிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். என் பெண்தானே நீ. ஒரு வாரம் மட்டும் அதை நிறுத்திவிட்டு நான் சொல்லும் பாட்டுகளைக் கேள். எல்லாம் இங்கிலீஷ் பாட்டு. சிரிக்காதே.

பொன்மலை குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, அவர்களுடைய அக்கா மகன் இங்கிலாந்தில் போல்டன் என்ற ஊரில் ஒரு மில்லில் வேலை பார்த்தான். பாட்டுகளைக் கேசட்டில் பிடித்து அனுப்புவான். 81-ல் நான் டைப்ரைட்டிங் ஹையரில் ஃபெயில் ஆகித் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, ஆன்ட்டி ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. ஜன்னல் ஓரம் டேப் ரிக்கார்டரை வைத்து ஒரு கேசட்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பாடியது யார், என்ன சொல்கிறார், எதுவும் எனக்குப் புரியவில்லை. அரைமணி கழித்துப் பார்த்தால் என் விரல்கள் திண்ணையில் ஏ எஸ் டி எஃப் தட்டிக்கொண்டிருக்கின்றன! மறுநாள் இன்ஸ்டிட்யூட்டில் அதே தாளத்தை மனசில் ஓட்டியபடி அடித்தேன். வேகம் கூடியது. தப்பும் கூடியது. நிமிடத்துக்கு 45 சொல் தப்பில்லாமல் வர இன்னும் ஆறு மாதம் பிடித்தது, அது வேறு கதை.

அந்தக் கேசட்டில் இருந்த பாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று ரிட்டயர் ஆன பிறகுதான் தேடிப் பார்த்தேன். உனக்குப் பக்கத்து ஊர்தான், விகன். 1973-லிருந்து 1981 வரை அங்கே விகன் கேசினோ என்று ஒரு ஆட்டக் கூடம் இருந்தது. பேர்தான் கேசினோ, சூதாட்டம் கிடையாது. ராத்திரி ஆட்டத்துக்குச் சாராயமும் கிடையாது. வாரம் முழுக்க மில்லிலும் ஃபேக்டரியிலும் முதுகொடிந்த பிள்ளைகள் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு உள்ளே போய், காலை எட்டு மணி வரை ஆடுவார்களாம். செருப்பு வழுக்க வேண்டும் என்று மரத்தரையில் முகப் பவுடரைத் தூவுவார்களாம்.

என்னை யோசிக்க வைத்தது அவர்கள் ஆடிய பாட்டுகள்தான். பெரும்பாலும் அமெரிக்காவில், டெட்ராய்ட், சிகாகோ பக்கம் கறுப்பின மக்கள் அறுபதுகளில் பாடியவை, விற்காமல் போனவை. இங்கிலாந்து டிஜேக்கள் அமெரிக்கா போய்க் கிடங்குகளில் கிடந்த இசைத்தட்டுகளைத் தூசி தட்டிப் பொறுக்கி வந்தார்கள். 'நார்தர்ன் சோல்' என்று பெயர். சோல் என்பது அந்தக் கறுப்பின மக்களின் பாட்டு வகை, வடக்கு இங்கிலாந்தில் அதற்கு ஆடியதால் நார்தர்ன். எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு மவுசு. போட்டி டிஜேக்குத் தெரியக் கூடாது என்று லேபிளை மறைத்து, வேறு பாடகர் பெயரைச் சொல்லி ஓட்டுவதும் உண்டு. நம் ஊர் மெஸ்காரர்கள் மசாலாவை மறைப்பது மாதிரி.

ஃப்ராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' கதை அப்படிப்பட்டதுதான். 1965-ல் டெட்ராய்டின் மோடவுன் கம்பெனி தட்டு போட்டது, ஆனால் கடைக்கு விடாமல் அழித்துவிட்டது. தப்பித்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிரதிகள்தான். 2009-ல் அதில் ஒன்று 25,000 பவுண்டுக்கு மேல் போனது. பாட்டு என்னவோ இரண்டரை நிமிடம்தான். முதல் நொடியிலேயே துள்ளிக்கொண்டு வரும், நிற்கவே நிற்காது. காலையில் பல் தேய்க்கும்போது போடு.

குளோரியா ஜோன்ஸின் 'டெயின்டட் லவ்' 1965-ல் ஒரு தட்டின் பின்பக்கத்தில் வந்து காணாமல் போனது. 1981-ல் சாஃப்ட் செல் என்ற இங்கிலாந்துக் குழு பாடித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. நீ குளோரியா பாடியதையே கேள். வார்த்தையெல்லாம் கசந்த காதல், தாளமோ அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி. சோகத்தை மறைக்காமலே ஓட்டம் பிடிக்கிற பாட்டு. அதனால்தான் எனக்குப் பிடிக்கும். "சந்தோஷமாக இரு" என்று அதட்டுகிற பாட்டைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆர். டீன் டெய்லரின் 'தேர்ஸ் எ கோஸ்ட் இன் மை ஹவுஸ்' 1967-ல் படுத்துவிட்டது. இந்த ஆட்டக்காரப் பிள்ளைகளின் புண்ணியத்தில் 1974-ல் இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு வந்தது. பாட்டு சுமார்தான் என்பது என் கருத்து, அப்பாவுக்கு உயிர்.

கர்டிஸ் மேஃபீல்டின் 'மூவ் ஆன் அப்' அந்தக் கேசட்டில் இல்லை, நானே கண்டுபிடித்தது. 1970-ல் வந்தது. அமெரிக்காவில் எடுபடவில்லை, அடுத்த வருடம் இங்கிலாந்தில் ஹிட். ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாதியில் அவர் பாடுவது நின்றுவிடும், அப்புறம் டிரம்ஸும், கையால் தட்டும் கொங்காவும், ஊது வாத்தியங்களும்தான். அடுப்படியில் இரவுப் பாத்திரம் முழுவதையும் அதற்குள் தேய்த்துவிடுவேன், குக்கர் மூடி உட்பட. 1990-ல் புரூக்ளினில் மேடை விளக்குச் சட்டம் சரிந்து விழுந்ததில் அந்த மனிதருக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டது. அப்படியும் 1996-ல் ஒரு ஆல்பம் கொண்டுவந்தார், மல்லாந்து படுத்துக்கொண்டு வரிவரியாகப் பாடி. இதை உனக்குப் புத்தி சொல்வதற்காக எழுதவில்லை. கேட்டதிலிருந்து எனக்கே மனசில் நிற்கிறது, அவ்வளவுதான்.

இயர்போனில் கேட்காதே, சத்தமாக வைத்துக் கேள். பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டினால் அவளையும் உள்ளே கூப்பிடு.

பார்சலில் பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், அப்பா வாங்கிய கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி வருகிறது. ஒரு பவுடர் டப்பாவும் வைத்திருக்கிறேன். முகத்துக்கு இல்லை. உன் அறையில் மரத்தரைதானே?

அன்புடன்,
அம்மா