செல்போன் இருக்க நூலகர் எதற்கு?

ஆசிரியருக்கு,

இப்படிக் கேட்பவர்கள் ஒருநாள் மாலை ஏதாவது கிளை நூலகத்துக்கு வந்து பார்க்கலாம். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்குப் புகைப்படத்தின் அளவைக் குறைக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு உதவுவதும், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பழைய இதழ்களைத் தேடித் தருவதும் இன்று எங்கள் வேலைதான். 1931இல் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக வகுத்த ஐந்து விதிகளில் 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்பதும் ஒன்று. கூகுள் ஆயிரம் விடைகளைக் கொட்டும் காலத்தில் அதற்குத்தான் மவுசு அதிகம்.

ஆனால் எங்களிடம் இருப்பதோ ஒரே பழைய கணினி, அடிக்கடி அறுந்துபோகும் இணையம். (பல நேரம் ஓடுவது என் சொந்த செல்போன் டேட்டா!) சொத்து வரியோடு மக்கள் நூலக வரியும் கட்டுகிறார்கள். அதிலிருந்து நல்ல இணைய இணைப்பும், நூலகர்களுக்கு முறையான பயிற்சியும் கொடுத்தால் என்ன?

- கிளை நூலகர், தஞ்சாவூர் மாவட்டம்