நிலாவைப் படம் பிடிக்க முந்தின நாளே போங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி போய்வந்தவர்கள் அனுப்பிய படங்களை வாசகர் பக்கத்தில் பார்த்தேன். ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுகிற நாள் என்பதால் ஆசையோடுதான் பக்கத்தைத் திருப்பினேன். ஆனால் முக்கால்வாசிப் படங்களில் நிலா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் கருப்பு, அவ்வளவுதான். தெருவிளக்கு என்று சொன்னாலும் நம்பலாம். இரண்டு படங்களில் கடல் சாய்ந்து, தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்துவிடும் போலிருந்தது. குறை சொல்ல எழுதவில்லை, நானும் மூன்று வருஷம் இதே பொட்டை எடுத்துக்கொண்டு திரும்பியவன்தான்.

ராத்திரியில் தெரிவதால் நிலாவை மங்கலான பொருள் என்று நினைத்துவிடுகிறோம். அது வெயிலில் கிடக்கிற பாறை. மேலே ஏறிய முழுநிலாவுக்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பின் அளவு) 8 வைத்தால் ஷட்டர் 1/125 நொடி திறந்தால் போதும், கிட்டத்தட்ட பகல் கணக்கு. (அடிவானத்தில் சிவந்து கிடக்கும்போது மட்டும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கொடுக்க வேண்டும்.) கேமராவோ படம் முழுவதும் இருட்டாக இருப்பதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதில் நிலா வெறும் வெள்ளையாக வெந்துவிடும். நிலாவுக்காக வெளிச்சத்தைக் குறைத்தால் கரையும் பாறையும் காணாமல் போய்விடும்.

இதற்குக் கேமராவை மாற்ற வேண்டாம், போகிற நாளை மாற்றினால் போதும். பௌர்ணமியன்று நிலா ஏறத்தாழ சூரியன் மறைகிற நேரத்தில்தான் உதிக்கும். கடல் மூட்டத்தைத் தாண்டி அது தெளிவாகத் தெரிவதற்குள் நம் ஊர் அந்தி முடிந்துவிடும், இங்கே அது அரைமணி நேரம்கூட நிற்பதில்லை. முந்தின நாள் போனால் நிலா முக்கால் மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே வந்துவிடும். அப்போது சாய்வெயில் பாறை மேலேயும் திருவள்ளுவர் சிலை மேலேயும் இன்னும் இருக்கும், நிலாவுக்கும் தரைக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைவு, ஒரே க்ளிக்கில் இரண்டும் வரும். வட்டத்தில் ஒரு துளி குறைகிறதே என்று யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை.

அமெரிக்காவில் ஆன்செல் ஆடம்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் 1941இல் நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூருக்கு மேலே நிலாவை எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதிலும் நிலா முழுவட்டம் இல்லை, கீழே கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில் மின்னுகிறது. அவசரத்தில் ஒளிமானி கைக்கு அகப்படாமல், நிலாவின் வெளிச்சம் எவ்வளவு என்று மனதில் இருந்த கணக்கை வைத்தே எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் வெயில் போய்விட்டது.

செல்போன்காரர்களுக்கும் வழி இருக்கிறது. திரையில் நிலா மேலே விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஒரு சூரியக் குறி வரும், நிலாவில் கறை தெரிகிறவரை அதைக் கீழே இழுங்கள். அப்புறம் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். சில மீட்டருக்கு மேல் போகாத வெளிச்சத்தை 133 அடிச் சிலை மேல் அடித்து என்ன பயன், முன்னால் நிற்பவர் பின்மண்டைதான் பளபளக்கும்.

நிலா குட்டியாக விழுகிறதே என்பது அடுத்த புலம்பல். அது எங்கே நின்றாலும் வானத்தில் அரை டிகிரிதான் இருக்கும், சிலைதான் நாம் தள்ளிப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். கரையிலிருந்து பார்த்தால் சிலை நிலாவைவிடப் பத்து மடங்கு உயரம், நாலரை கிலோமீட்டர் தள்ளிப் போனால் இரண்டும் ஒரே உயரம். ஆகவே மேற்குக் கரையோரமாகச் சிலை தெரிகிற இடம் தேடி நடந்து, ஜூம் லென்ஸ் வைத்து எடுத்துப் பாருங்கள். ஜூம் இல்லையா, நிலாவைப் பெரிதாக்கும் ஆசையை விட்டுவிட்டு முழங்கால் போட்டு உட்காருங்கள், அலை நனைத்த ஒரு பாறையை முன்னால் வையுங்கள், அடிவானக் கோட்டை நடுவில் போடாமல் கீழே இறக்கி நேராக்குங்கள். ஈரப் பாறையில் விழுகிற வெளிச்சமே பாதிப் படம்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். படத்துக்குக் கீழே பெயரோடு போன் கம்பெனியை மட்டும் போடுகிறீர்கள், எத்தனை மணிக்கு எடுத்தது, ஷட்டர், ஐஎஸ்ஓ என்ன என்பதையும் சேர்த்துப் போட்டால் பார்க்கிறவர்கள் கற்றுக்கொள்வார்கள். மாதாமாதம் பௌர்ணமிக்கு முந்தின நாளின் சந்திரோதயம், சூரிய அஸ்தமனம் இரண்டையும் ராசிபலன் பக்கத்தில் ஒரு மூலையில் கொடுங்கள். இரண்டு வரி இடம்தான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாகர்கோவில்.