கண்டம் லிஸ்டில் கையெழுத்துப் போடாதே

கும்பகோணம்

அன்புள்ள ராஜு மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? வீட்டுச் சேதி இவ்வளவுதான். எழுத வந்த விஷயம் வேறு.

உன் கல்லூரி கம்ப்யூட்டர் லேப் பற்றி அன்றைக்குப் போனில் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய்: "லேப் மெஷின் பூரா கண்டம் பண்ணியாச்சுடா. அடுத்த மாசம் ஏலம். நான்தான் கமிட்டி." சொன்ன கையோடு மருமகன் வாங்கிய காருக்குத் தாவிவிட்டாய். அது என்ன கார் என்றுகூட என் காதில் விழவில்லை. 'இனி உதவாது' என்று கழித்துக்கட்டும் உன் கண்டம் லிஸ்டே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போனில் சொன்னால் "சரி விடுடா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி. அதற்குப் பிறகு பேனாவை எடு.

"என்ன மெஷின்?" என்று கேட்டதற்கு "ஐ3, ஐ5, எல்லாம் பழசு" என்றாய். இதுவாடா பதில்? சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே "லேபிள்ல 450 வாட் போட்டிருக்கான், 200 தாண்டாது" என்று அடித்துச் சொல்லி அண்ணாச்சியை அலறவைத்தவன் நீ. இன்றைக்கு யாரோ டைப் அடித்த எக்செல் ஷீட்டைப் பார்த்துப் 'பழசு' என்கிறாய். நம் கூட்டாளி பீப் பாலு கேட்டால் என்ன சொல்வான் என்று உனக்கே தெரியும்.

இன்டெல் பிராசஸரின் முழுப் பெயரைப் பார் மாப்ளே. ஐ3, ஐ5 என்பதற்கு அடுத்து வரும் நாலு இலக்க எண்ணில் முதல் இலக்கம்தான் தலைமுறை. 4130 என்றால் நான்காவது, 6100 என்றால் ஆறாவது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெலில் எட்டாவது தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். உங்கள் மெஷின்கள் 'பழசு' ஆனது இதனால்தான். அவற்றில் ஒரு டிராக் அறுந்ததா, ஒரு சிப் எரிந்ததா? 13-ஆம் தேதி ராத்திரி ஓடிய மாதிரியேதான் 15-ஆம் தேதி காலையிலும் ஓடியிருக்கும். சாஃப்ட்வேருக்கு ஒருவன் தேதி குறித்தால் ஹார்டுவேரை ஏன் கொல்ல வேண்டும்?

"ரொம்ப ஸ்லோடா" என்றும் சொன்னாய். ஸ்லோவாகத்தான் இருக்கும். 4 ஜி.பி. ராமும் சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கும் வைத்துக்கொண்டு விண்டோஸ் 10 ஓட்டினால் எந்த பிராசஸரும் மூச்சு வாங்கும். இரண்டு மெஷின் ராமை ஒன்றில் சேர்த்து 8 ஜி.பி. ஆக்கி, சுற்றாத, வேகமான சின்ன சாட்டா எஸ்.எஸ்.டி டிஸ்க் ஒன்று மாட்டி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றிப் பார். அரசுப் பள்ளி பன்னிரண்டாம் வகுப்புப் பையன் பைத்தான் புரோகிராமிங் பழக அதற்கு மேல் என்ன வேண்டும்? செத்த மெஷின் ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கும் இன்னொன்றுக்கு ராமும் ஃபேனும் கொடுக்கும். இதை நாம் இருபது வயதில் சோற்றுக்காகச் செய்தோம். இன்றைக்கு உன் பதவியில் இருந்துகொண்டு செய்ய ஏன் கூசுகிறது?

ராமைக் கழற்றியதும் லேபிளைப் படி. நான்காம் தலைமுறை மெஷினில் 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு என்பது போல இருக்கும். பிசி3 என்றால் மூன்றாம் தலைமுறை ராமான டி.டி.ஆர்.3. 12800 என்றால் 1600 வேகம். கடைசி 'யு' சாதாரண டெஸ்க்டாப் ராம். அந்த இடத்தில் 'ஆர்' இருந்தால் சர்வர் ராம், உங்கள் லேப் போர்டில் எழும்பவே எழும்பாது. பிசி3-க்குப் பின்னால் ஓர் 'எல்' இருந்தால் 1.35 வோல்ட்டில் ஓடும், இல்லாதது 1.5 வோல்ட். லேபிள் உரிந்துபோனதை, பின் விளிம்பில் உள்ள வெட்டுப் பள்ளத்தை வைத்துப் பிரி. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் 240 பின்தான், ஆனால் பள்ளம் இடம் மாறும். 184 பின் என்றால் முதல் டி.டி.ஆர். பள்ளம் இரண்டு இருந்தால் நம் காலத்து எஸ்.டி.ராம், அதைக் கும்பிட்டுத் தனியாக வை. பின்னை எண்ணவெல்லாம் வேண்டாம், டி.டி.ஆர்.3 ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒட்டிப் பார்த்தால் போதும்.

செத்தது என்று லிஸ்டில் எழுதியிருப்பதை நம்பாதே. இங்கே ஓர் அலுவலகம் எடைக்குப் போட்ட சரக்கு நம் பாயின் காயலான் கடைக்கு வந்தது. எல்லாமே 'நாட் வொர்க்கிங்' என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருந்தது. பாய் எனக்காக எடுத்து வைத்திருந்தார். பாதிக்கு மேல் எழுந்துவிட்டன. பெரும்பாலும் பிரச்சினை என்ன தெரியுமா? ராமின் தங்க விளிம்பில் படிந்த அழுக்கு. அழிரப்பரால் தேய்த்துத் துடைக்கும் அண்ணாச்சியின் ரப்பர் வைத்தியம்தான், வேறொன்றுமில்லை. இன்னும் சிலவற்றில் பயாஸ் பேட்டரி. சி.ஆர்.2032 என்ற அந்தக் காசு பேட்டரி புதிதில் 3 வோல்ட் காட்டும். அது இறங்கிப்போனால் பூட் ஆகும்போதெல்லாம் தேதி பின்னால் போகும், செட்டிங் அழியும், ஸ்கிரீனில் எஃப்1 அமுக்கச் சொல்லி நிற்கும். அதைப் பார்த்து ஒருவர் "போர்டு போச்சு" என்று எழுதியிருக்கிறார். முப்பது நாற்பது ரூபாய் பேட்டரி!

அடுத்தது கெபாசிட்டர், கரண்டைத் தேக்கி வைக்கும் சின்ன உருளைகள். பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்குமே, அவற்றின் தலையை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார். தலையில் குறுக்குக் கோடு இருந்து அது உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டை ஆன் செய்யாதே. 2000-க்குப் பிறகு சில வருஷம் வந்த போர்டுகளில் உலகம் முழுக்க இந்த நோய் இருந்தது, உனக்கு நினைவிருக்கும். அதே மைக்ரோஃபாராட், அதே வோல்ட் அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி, லோ இ.எஸ்.ஆர் (உள் மின்தடை குறைந்தது). இப்படிப் பார்த்து மாற்றினால் எழுந்துவிடும். உங்கள் நான்காம் தலைமுறை போர்டுகளில் பெரும்பாலும் கோடு இல்லாத தட்டைத் தலை சாலிட் கெபாசிட்டர்தான் இருக்கும். அது அவ்வளவு சீக்கிரம் போகாது.

எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு வழக்கமான சோதனைதான். பச்சைக் கம்பியையும் கறுப்பையும் சேர்த்தால் ஃபேன் சுற்ற வேண்டும், மஞ்சளில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் வோல்ட் வர வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. உங்கள் லேபில் இருப்பது பிராண்டட் மெஷின் என்றால் 24 பின் கனெக்டரே இருக்காமல் 8 பின்னோ 6 பின்னோ இருக்கலாம். கடையில் வாங்கும் எஸ்.எம்.பி.எஸ் நேராக உட்காராது. ஆகவே அந்த மாடலில் நல்ல சப்ளை எதையும் தூக்கிப் போடாதே, அது தங்கம். லேப் பையன்கள் யாரையும் அதன் மூடியைத் திறக்க விடாதே. 230 வோல்ட் டி.சி.யாக மாறி உள்ளே 325 வோல்ட் உட்கார்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஷாக் அடித்த நம் மணியின் கை உனக்கு மறந்திருக்காது.

ஸ்டோர் ரூமில் பென்டியம் 4-ம் கிடக்கிறது என்றாயே, அதை முழு மெஷினாக ஓட்டச் சொல்லமாட்டேன். 32 பிட் மெஷின்களை லினக்ஸ் உலகமும் கைகழுவிக்கொண்டிருக்கிறது. 2025-இல் வந்த டெபியன் 13 லினக்ஸில் அதற்கு இன்ஸ்டாலரே கிடையாது. கரண்டும் வீண். ஆனால் பார்ட்ஸ்? அதுவும் கோயம்புத்தூரிலா? உங்கள் ஊர் பட்டறைகளில் சீரியல் போர்ட் வழியாகப் புரோகிராம் வாங்கும் பழைய சி.என்.சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும்) மெஷின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரிஜினல் சீரியல் போர்ட், பேரலல் போர்ட் உள்ள நல்ல போர்டைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய கார்டு செருகும் கறுப்பு நீள ஐ.எஸ்.ஏ ஸ்லாட் உள்ள போர்டு ஒன்று மாட்டினால் எனக்குத் தனியாகப் போன் பண்ணு. ஒன்று மட்டும் ஜாக்கிரதை. பென்டியம் 4-இன் 478 சாக்கெட்டில், பிராசஸரின் சூட்டை இறக்கும் ஹீட் சிங்கை வெடுக்கென்று இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் வளையும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடானதும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மெல்லத் திருகி எடுக்கச் சொல். இன்டெலில் 775 சாக்கெட்டிலிருந்து பின் எல்லாம் போர்டில்தான் இருக்கிறது, அதில் விரல் படவே கூடாது.

இனி சொல்லப்போவதை மட்டும் இரண்டு தடவை படி.

பாய் கடைக்கு வந்த அந்தச் சரக்கில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாட்டினேன். ஃபார்மட்கூடப் பண்ணவில்லை. ஆதார் நகல், சம்பளச் சான்று, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், ஒரு பெண்ணின் பிரசவ விடுப்பு விண்ணப்பம். எனக்குக் கை கூசிவிட்டது. முழு டிஸ்க்கையும் பூஜ்யம் எழுதி அழித்தேன். உங்கள் கல்லூரி டிஸ்க்குகளில் எத்தனை பிள்ளைகளின் மார்க், முகவரி, ஜாதிச் சான்று இருக்கும்? டெலீட்டும் குவிக் ஃபார்மட்டும் அழிப்பு ஆகாது. ஒரு தடவை முழுக்கப் பூஜ்யம் எழுத வேண்டும். எழுத முடியாமல் கட்டக் கட்டவென்று அடிக்கிற டிஸ்க்கைத் துளை போட வேண்டும். ஏலம் எடுக்கிறவன் இதைச் செய்யமாட்டான். இது உங்கள் கடமை.

இன்னொன்றும் பார்த்தேன். பாய் கடையில் அப்படி இல்லை, பைபாஸ் பக்கம் வேறொரு குடோன். உன் பேரனைவிடக் கொஞ்சம் பெரிய பையன், கையில் உறைகூட இல்லாமல் போர்டைச் சுத்தியலால் அடித்து ஹீட் சிங்கைப் பெயர்க்கிறான். பக்கத்தில் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள். அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய போர்டின் சோல்டரில் ஈயம், டியூப் மானிட்டர் கண்ணாடியில் ஈயம். டெல்லி சீலம்பூரிலும் மொராதாபாத்திலும் ஆசிட்டில் முக்கித் தங்கம் எடுத்த கதையை நாம் படித்ததுண்டு. அது எங்கோ வடக்கில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடக்கூடிய மெஷினை எடைக்குப் போட்டால் அது இந்தப் பையன் கைக்குத்தான் வந்து சேரும் ராஜு. நீ அனுப்பியதாக ஆகிவிடும்.

ஆகவே கமிட்டியில் இப்படிச் சொல். மொத்தத்தையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஓடுகிறது, பார்ட்ஸ் தரும், நிஜமாகவே குப்பை. முதல் வகை கண்டம் ஆகாது, வேறு டிபார்ட்மென்டுக்கோ நூலகத்துக்கோ மாற்றம். இரண்டாவது உங்கள் மெயின்டனன்ஸ் ஸ்டாக். மூன்றாவது மட்டும் வெளியே போகட்டும், அதுவும் பொது ஏலத்தில் வேண்டாம், பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்கு. 2022-இல் கொண்டுவந்த மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. அதைக் குறிப்பில் எழுதினால் உன் பிரின்ஸிபால் பேச்சை மாற்றுவார். ஆடிட் என்றால் எல்லோருக்கும் பயம் வரும்.

புது மெஷினுக்குக் கொட்டேஷன் கொடுத்தவனே பழையதைக் கண்டம் என்று எழுதிக் கொடுத்தானா என்பதையும் விசாரி. எனக்கு அந்த இடத்தில்தான் இடிக்கிறது.

நான் வருகிறேன். மல்டிமீட்டர், சோல்டரிங் அயர்ன், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்ட பென் டிரைவ், ஸ்க்ரூ டிரைவர் செட் எல்லாம் என் பையில் இருக்கும். நீ ஒரு நீள மேசை, நல்ல லைட், எர்த் சரியாக உள்ள பிளக் பாயின்ட், ஆர்வமுள்ள இரண்டு மூன்று மாணவர்களைத் தயாராக வை. மாணவர்கள் முக்கியம். சிலபஸில் இல்லாததை அவர்கள் ஒரு பகலில் கற்றுக்கொள்வார்கள். பாலுவும் திருப்பூரிலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டான். அந்தப் பழைய மஞ்சள் பைக் கதையை நீ எடுக்கக் கூடாது என்பது மட்டும் அவனுடைய கண்டிஷன்.

அதற்குள் ஒவ்வொரு மாடலிலும் ஒரு மெஷினைத் திறந்து, போர்டு, ராம் லேபிள், எஸ்.எம்.பி.எஸ் கனெக்டர் மூன்றையும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. எந்த பார்ட் வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று நான் கணக்குப் போட வேண்டும். கமிட்டிக் கூட்டம் என்றைக்கு என்பதையும் சொல்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
தனசேகர்

பி.கு.: கழற்றிய ராமை மேசையில் கொட்டி வைக்காதீர்கள். சாதாரண பாலிதீன் கவரும் வேண்டாம், ஸ்டாட்டிக் பிடிக்கும். புது மதர்போர்டு சுற்றி வரும் வெள்ளி நிற ஆன்டி-ஸ்டாட்டிக் கவர் உங்கள் ஸ்டோரில் கட்டுக்கட்டாகக் கிடக்கும், தேடு.