கல்லைப் பெயர்க்குமுன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் கல்லறைத் தோட்டங்களில் இடம் தீர்ந்துவருவது பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். குன்னூர் வட்டத்தில் இருக்கும் எங்கள் கத்தோலிக்கப் பங்கிலும் (கோயிலைச் சேர்ந்த சபையிலும்) இதே பேச்சுதான். கல்லறைத் தோட்டத்தின் மேல்தட்டைச் சமப்படுத்திப் புதுக் குழிகளுக்கு இடம் பிரிப்பது, நடைபாதைக்கு டைல்ஸ் ஒட்டுவது, வாசலில் ஒரு ஆர்ச் கட்டுவது என்று பங்குப் பேரவையில் பேசி முடித்துவிட்டார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் முடிந்ததும் வேலை தொடங்குமாம்.

இடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எழுபதைத் தாண்டியாயிற்று, எனக்கும் ஆறடி வேண்டும். இந்தக் குளிரிலும் களிமண்ணிலும் உடல் மக்க சமவெளியைவிட அதிக காலம் பிடிக்கும். பக்கத்துக் குழியை அவசரப்பட்டுத் திறக்கவும் முடியாது. என் கவலையெல்லாம், மேல்தட்டில் யார் யார் கிடக்கிறார்கள் என்று ஒரு பட்டியல்கூட எடுக்காமல் கல்லைப் பெயர்க்கப் போகிறார்களே என்பதுதான்.

ஜக்கதளா என்றிருந்த இடம் வெலிங்டன் ஆகிப் பட்டாளம் வந்தபோது, அதில் ஐரிஷ் கத்தோலிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களை ஒட்டிச் சமையல்காரர்களும் குதிரைக்காரர்களும் மலையேறினார்கள். தோட்ட வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஓடுமுன் அந்தப் பாதைக்காகப் பாறை உடைக்க வந்தவர்களும் உண்டு. என் பூட்டனார் அந்தக் கூட்டத்தில் ஒருவர். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கீழ்த்தட்டில் இருக்கின்றன. உதகை மறைமாவட்டம் உருவானதே 1955-இல்தான். எங்கள் மேல்தட்டு அதற்கு வெகுகாலம் முந்தியது.

அங்கே வட்டம் பதித்த ஐரிஷ் சிலுவைகள் நிற்கின்றன. பளிங்கில் ஈய எழுத்து பதித்த கல்லறைகள் உண்டு. அவற்றுக்குப் பின்னால் சுவரோரம் உள்ளூர்க் கல்லில் உளி ஆழம் போகாமல் வெட்டிய தமிழ் எழுத்துகள். ஒன்றில் ‘...முத்து, மேஸ்திரி’ என்பது வரைதான் தெரிகிறது. மீதியைப் பாசி தின்றுவிட்டது. முழங்கால் உயரம்கூட இல்லாத குழந்தைக் கல்லறைகளோ வரிசையாக இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயரே இல்லை.

வெள்ளைக்காரர்களின் பெயர்கள் அவ்வளவு சுலபமாக அழிந்துவிடாது. சென்னை மாகாணத்தில் நடந்த ஐரோப்பியர் அடக்கங்களின் விவரம் அந்தக் காலத்திலேயே நகலெடுத்து லண்டனுக்கு அனுப்பப்பட்டது. பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் பார்க்கலாம். மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜே.ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தொகுத்து 1905-இல் அச்சிட்டும் விட்டார். எங்கள் மேஸ்திரிக்கு லண்டனில் நகல் ஏது? அவருக்கு இந்தக் கல் ஒன்று, பங்கு அலுவலக அலமாரியில் இருக்கும் அடக்கப் பதிவேடு ஒன்று. அந்தப் பதிவேடும் அந்நாளைய குருக்கள் லத்தீனில் எழுதியது. பெயரும் தேதியும் இருக்கும், எந்தக் குழி என்று இருக்காது. கல் போனால் இரண்டையும் பொருத்திப் பார்க்க வழியில்லை.

படிக்கவே முடியவில்லையே, எதை எழுதுவது என்கிறார்கள். படிக்கலாம். பொழுது சாய்ந்தபின் டார்ச் லைட்டைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல், பக்கவாட்டில் கல்லை ஒட்டிப் பிடியுங்கள். வெட்டிய பள்ளத்தில் நிழல் விழுந்து, பகலில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து எழும்பி வரும். பகலில் என்றால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து வெயிலைச் சாய்வாகத் திருப்பினாலும் போதும். நானும் என் பேத்தியும் இப்படித்தான் ஒரு வரிசையைப் படித்தோம். அவள் போனில் படம் எடுத்தாள், நான் நோட்டில் எழுதினேன்.

திருநாளுக்கு முந்தின வாரம் நடக்கும் சுத்தம் செய்யும் வேலை பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் பாத்ரூம் ஆசிட்டைப் பளிங்கில் ஊற்றினால் அழுக்கோடு பளிங்கும் கரையும். நுரைத்துப் பொங்குவது அந்தக் கல்தான். கம்பி பிரஷ் வேண்டாம். நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, நார் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் பாசி விட்டுவிடும், பொறுமைதான் வேண்டும். சுண்ணாம்பு பூசுகிறவர்கள் எழுத்தை விட்டுப் பூசுங்கள். உடைந்த சிலுவைக்குள் இரும்புக் கம்பி விட்டு சிமெண்ட் வைக்காதீர்கள். நான் தொழிற்சாலையில் இரும்போடு காலம் கழித்தவன்: துருப்பிடித்த இரும்பு பருக்கும், கல்லை உள்ளிருந்தே பிளக்கும். அங்கே பாதிச் சிலுவைகள் பிளந்து நிற்பதற்குக் காட்டெருமையைக் குறை சொல்கிறோம். அதற்கும் பங்கு உண்டுதான், ஆனால் பழைய இரும்பு ஆணிகளைப் பாருங்கள்.

டைல்ஸுக்கும் ஆர்ச்சுக்கும் ஒதுக்கும் பணத்தில் முதலில் தண்ணீர் போக வழி செய்யலாம். எங்கள் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில். 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்பது யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் கல்லறைத் தோட்டத்தின் மேல் வாய்க்கால் சருகாலும் பிளாஸ்டிக் மாலைகளாலும் அடைத்துக் கிடக்கிறது. (பிளாஸ்டிக்கை முதலில் தடைசெய்த மாவட்டம் என்று பெயர் மட்டும் எங்களுக்கு.) வழியில்லாத தண்ணீர் கல்லறைகளுக்கு அடியில் இறங்கி, தடுப்புச் சுவரை வயிறு தள்ள வைத்திருக்கிறது. அந்தச் சுவருக்கு மேலே டைல்ஸ் ஒட்டி என்ன பயன்? இதில் சைப்ரஸ் மரங்களையும் எடுத்துவிட வேண்டுமாம். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்தே இருக்கிறது. ஜேசிபி கொண்டுவரவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதையெல்லாம் விசாரித்தார்களா தெரியவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு எண், ஒரு படம், படித்த அளவுக்கு வாசகம், தட்டு வாரியாக ஒரு வரைபடம். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளும் இளைஞர்களும் சேர்ந்தால் சில ஞாயிறுகளில் முடிந்துவிடும். அதன் ஒரு பிரதி பங்கில், ஒரு பிரதி ஆயர் (பிஷப்) இல்லத்தில் இருக்கட்டும். அப்புறம் எடுத்தே தீரவேண்டிய கல்லை எடுங்கள். எண்ணைப் போட்டுச் சுவரோரம் நிறுத்துங்கள், அஸ்திவாரத்துக்கு உடைத்துப் போடாதீர்கள்.

வெலிங்டன், அருவங்காடு, குன்னூர்ப் பக்கத்திலிருந்து கோவைக்கும் பெங்களூருக்கும் குடிபோன குடும்பங்கள் இதைப் படித்தால், வீட்டில் இருக்கும் பழைய அடக்கப் படங்களைத் தேடிப் பாருங்கள். சவப்பெட்டியைச் சுற்றி உறவினர் நிற்கும் அந்தப் படங்களில் பின்னால் இருக்கும் கல்லறைகளின் எழுத்து இன்னும் தெளிவாக இருக்கும். ஒரு நகலை உங்கள் பழைய பங்கின் அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.

பேரவையில் இருப்பவர்கள் எனக்கு உறவுக்காரர்கள். எனவே தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர்,
அருவங்காடு.